இணையச் சாதனங்களின் காப்புச் சோதனை

மும்பை மாநகரில் தாராவியின் 90 அடிச் சாலையிலுள்ள தோல் பொருட் கடைகளிலும், மாட்டுங்காவில் பூவும் காய்கறியும் விற்கும் கடைத்தெருவிலும், செம்பூரின் அடுக்குமாடிக் கட்டடங்களின் வாயில்களிலும் இன்று சாதாரணமாகக் காணப்படும் பொருள் ஒன்று உண்டு. அது கூரையோரத்தில் பொருத்தப்பட்டிருக்கும் கண்காணிப்புக் காமிரா. திருடனைக் காட்டிக்கொடுக்கும் பொருட்டே அது வாங்கப்படுகிறது. ஆயினும், அக்காமிராவே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடக் கூடுமா என்ற கேள்வியை வாங்குபவர் பெரும்பாலும் கேட்பதில்லை. விற்பவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இக்கேள்வியை முறைப்படி கேட்டு, முறைப்படி விடை காணும் தொழிலே இணையச் சாதனங்களின் காப்புச் சோதனை எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதனை ‘எத்திகல் ஹாக்கிங்’ என்கின்றனர். அனுமதி பெற்று, நெறிக்கு உட்பட்டுச் செய்யும் ஊடுருவல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இத்தொழிலைக் கற்க விரும்பும் மாணவரை இன்று உயர்நிலைப் பள்ளிகளிலேயே காணலாம். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய ஆசிரியர்களும், அலுவலகங்களில் இத்தகைய சாதனங்களைப் பொருத்திப் பராமரிக்கும் களப்பணியாளர்களும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் அவசியம். பூட்டைத் திறக்கக் கற்றுக்கொடுப்பது ஆபத்தல்லவா என்று சிலர் ஐயுறுவர். அந்த ஐயம் நியாயமானதே. அதற்கு விடை, கருவிகளில் இல்லை. அனுமதியிலும் குறிப்பேட்டிலும் இருக்கிறது என்பதைக் கீழே கூறப்படும் நிகழ்ச்சிகள் காட்டும்.

சாதனத்தின் உள்ளே

காமிரா என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் அது ஒரு முழுக் கணிப்பொறியே ஆகும். அதனுள் கட்டளைகளை நிறைவேற்றும் ஒரு செயலியும், மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு நினைவுச் சில்லும் உள்ளன. இந்நினைவுச் சில்லில் பதிந்துள்ள மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். பல காமிராக்களிலும் ரூட்டர்களிலும் இம்மென்பொருள் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் சுருங்கிய வடிவமாகும். இணையத்தோடு பேசும் தொலைக்காட்சிப் பெட்டி, அழைப்பு மணி, மின்விளக்கு, மின்மீட்டர் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

மேசைக் கணிப்பொறிக்கும் இவற்றிற்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. இவற்றில் பலவற்றிற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அலுவலகக் கணிப்பொறியில் தீய மென்பொருள் புகுந்தால் அதன் வேகம் குறையும். யாரேனும் ஒருவர் குறை கூறுவார். காமிராவோ வேறொருவனுக்கு அடிமையான பின்னும் வழக்கம்போல் படத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். உடையவருக்கு ஒன்றும் தெரியாது.

இச்சாதனங்களுக்குள் நுழையும் வாயில்கள் பல. வீட்டு வலையிலும் இணையத்திலும் திறந்திருக்கும் சேவைகள் ஒரு வாயில். கைப்பேசிச் செயலியும், அச்செயலி பேசுகின்ற தயாரிப்பாளரின் தொலைதூரக் கணிப்பொறியும் மற்றொன்று. வைஃபை, புளூடூத் போன்ற வானொலி இணைப்பு மூன்றாவது. புதுப்பித்த மென்பொருள் வந்து சேரும் வழி நான்காவது. மூடியைக் கழற்றினால் தெரியும் மின்சுற்றுப் பலகையே ஐந்தாவது வாயில். சோதனையாளர் இவ்வைந்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்.

மும்பை கண்ட தாக்குதல்

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மும்பையின் இணையச் சேவை நிறுவனங்கள் சிலவற்றின் மீது பெருந்தாக்குதல் ஒன்று நிகழ்ந்தது. வாடிக்கையாளர்களின் இணைப்பு நாட்கணக்கில் தடுமாறியது. போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். இவ்வகைத் தாக்குதலில் எவரும் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. மாட்டுங்கா ரயில் நிலையத்தில் ஒரே ஒரு பயணச்சீட்டுச் சாளரம் திறந்திருப்பதாகக் கொள்ளலாம். பயணம் செய்யும் எண்ணமே இல்லாத பத்தாயிரம் பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்தால், உண்மையான பயணி வண்டியைப் பிடிக்க முடியாது. லட்சக்கணக்கான பொய்க் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி ஒரு கணிப்பொறியைத் திணறச் செய்வதும் அத்தகையதே.

இவ்வாறு வரிசையில் நிற்கும் ‘பத்தாயிரம் பேர்’ எங்கிருந்து வருகின்றனர்? இதற்கான விடையை அதே ஆண்டின் இறுதியில் உலகம் தெளிவாகக் கண்டது. 2016 செப்டம்பரில் ‘மிராய்’ என்னும் தீய மென்பொருள் வெளிச்சத்திற்கு வந்தது. அது வீடுகளிலும் கடைகளிலும் இருந்த காமிராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அக்டோபர் 21 அன்று, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் ‘டைன்’ என்னும் அமெரிக்க நிறுவனத்தை அப்படை தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களை அமெரிக்காவின் பல பகுதிகளில் அடைய முடியவில்லை.

மிராய் செய்த வேலையில் நுட்பம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அது இணையத்தில் ஏதோ ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். அங்கே ‘டெல்நெட்’ என்னும் பழைய தொலைக்கட்டளைச் சேவை திறந்திருக்கிறதா என்று பார்க்கும். திறந்திருந்தால், தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டுப் பார்க்கும். அப்பட்டியலில் இருந்தவை ஏறத்தாழ 60 இணைகளே. பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. பயனர் பெயர் ‘ரூட்’, கடவுச்சொல் ‘123456’ என்பன போன்றவை அவை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை உடையவர் மாற்றவில்லை. சில சாதனங்களில் மாற்றுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. லட்சக்கணக்கான சாதனங்களைக் கைப்பற்ற இந்தச் சிறு பட்டியலே போதுமானதாயிற்று.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. மிராய் அழியாத நினைவுச் சில்லில் தங்குவதில்லை. தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வாழும். ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் அது மறைந்துவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களிலேயே அது திரும்ப வரக்கூடும். ‘அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது’ என்று வேலையை முடித்துக்கொள்வது இதனால் தவறாகிறது.

மிராயை எழுதியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அவர்களுக்கு 20, 21 வயது. ‘மைன்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டை நடத்துவோருக்கிடையே இருந்த வியாபாரப் போட்டியே இதன் தொடக்கங்களுள் ஒன்று. 2018-இல் நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 2,500 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. புலனாய்வுத் துறைக்கு அவர்கள் அளித்த தொழில்நுட்ப உதவி அதில் கணக்கிற்கொள்ளப்பட்டது. அறிவு அதேதான், அது யாருக்காக, யாருடைய அனுமதியோடு உழைத்தது என்பதே மாறியது. வகுப்பறையில் இவ்வயதினரைத் தினமும் காணும் ஆசிரியருக்கு இச்செய்தி அலட்சியம் செய்யத்தக்கதன்று.

நல்லெண்ணத்தின் பெயரால்

2017-இல் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ‘பிரிக்கர்பாட்’ என்னும் மென்பொருளை ஒருவர் உலவவிட்டார். அது காப்பற்ற சாதனங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் நினைவுச் சில்லில் பொருளற்ற எண்களை எழுதி, அவற்றை வெறும் செங்கல்லாக்கிவிடும். மிராய் போன்றவை பிடித்துக்கொள்ளும் முன் நோயுற்ற சாதனங்களை நீக்குவதாக அதன் ஆசிரியர் வாதிட்டார்; புற்றுநோய்க்கு அளிக்கும் மருந்துச் சிகிச்சைக்கு அதை ஒப்பிட்டார்.

2017 ஜூலை இறுதியில் இந்தியாவில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் பல திடீரெனச் செயலிழந்தன. மும்பைக்கும் தில்லிக்கும் சேவை அளித்த எம்.டி.என்.எல். வலையும் இத்தாக்குதலுக்கு உட்பட்டதாக அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. மோடத்தின் கடவுச்சொல்லை ‘அட்மின்’ என்றே விட்டுவைத்திருந்தவர்கள் உடனே அதை மாற்றுமாறு பி.எஸ்.என்.எல். கேட்டுக்கொண்டது.

இங்கே சற்று நின்று சிந்திப்பது நலம். மோடத்தை இழந்தவர் குற்றவாளி அல்லர். பெரும்பாலும் அவர் ஒரு கடைக்காரராகவோ, தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாணவராகவோ இருந்திருப்பார். கடவுச்சொல் என்ற ஒன்று இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தீயது வரும் முன் நல்லது செய்தேன் என்று கூறியவர் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பூட்டு பலவீனமாக உள்ளது என்று அறிவிப்பது வேறு. பூட்டையும் கதவையும் சேர்த்துக் கொளுத்துவது வேறு.

சட்டமும் இதை இவ்வாறே நோக்குகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணிப்பொறியையோ வலையையோ அணுகுவதையே தவறு என்கிறது. அதற்கு இழப்பீடு கொடுக்க நேரிடும். நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்துடன் அதையே செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அனுமதியின் எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் மாணவர் பெரும்பாலும் தவறுகின்றனர். விலைக்கு வாங்கிய காமிரா வாங்கியவருடையது. அதைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அக்காமிரா படம் அனுப்பும் தொலைதூரக் கணிப்பொறி தயாரிப்பாளருடையது. அதைச் சோதிக்க அவருடைய சம்மதம் வேண்டும். தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே இணைப்பை இரண்டு மூன்று வீடுகள் பகிர்ந்துகொள்வது உண்டு. அங்கே ரூட்டர் ஒருவருடையது, காமிரா மற்றொருவருடையது, அவ்வழியே செல்லும் செய்திகள் இன்னொருவருடையவை. தன் வீட்டு வலைதானே என்று மாணவர் நினைப்பது அத்தகைய இடத்தில் பொருந்தாது.

ஒரு சிறு ஆய்வுக்கூடம்

யந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்பது மும்பைக்குப் புதிதன்று. இன்று மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. என வழங்கும் கல்விநிலையம் 1887-இல் நெசவாலைகளின் நகரத்திற்காகத் தோன்றியது. இணையச் சாதனத்தைக் கற்கவும் அதே மனப்பான்மை போதும். பெரும் பொருட்செலவு தேவையில்லை. வீட்டில் உபயோகமற்றுக் கிடக்கும் ஒரு பழைய ரூட்டர், அல்லது லாமிங்டன் சாலைக் கடைகளில் கிடைக்கும் பழைய ரூட்டர் ஒன்று, ஒரு மல்டிமீட்டர், யு.எஸ்.பி. வாயிலைத் தொடர்வரிசை இணைப்பாக மாற்றும் சிறு பலகை, ஒரு கணிப்பொறி ஆகியவை இருந்தால் ஆய்வுக்கூடம் தயார். சோதனைக்குரிய ரூட்டரை வீட்டு வலையிலோ பள்ளி வலையிலோ இணைக்கலாகாது. கணிப்பொறியோடு மட்டும் ஒரு கம்பியால் இணைத்துத் தனியே வைக்க வேண்டும்.

முதல் பாடம் கதவுகளை எண்ணுவது. ‘என்மேப்’ என்னும் இலவச மென்பொருள் சாதனத்தின் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எவை திறந்துள்ளன என்று பட்டியல் தரும். 23-ஆம் எண் வாயில் திறந்திருந்தால் அது மிராய் தேடிய டெல்நெட் சேவையாக இருக்கக்கூடும். இரண்டாவது பாடம் பேச்சைக் கேட்பது. ‘வயர்ஷார்க்’ என்னும் மென்பொருள் கம்பி வழியே செல்லும் செய்திகளைக் காட்டும். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் மாணவர் தாமே இட்ட கடவுச்சொல், மறைப்பு ஏதுமின்றி எழுத்தெழுத்தாகத் திரையில் ஓடுவதைக் காணும்போது ஏற்படும் வியப்பு பல விரிவுரைகளுக்குச் சமம்.

மூன்றாவது பாடம் மின்சுற்றுப் பலகை. மூடியைக் கழற்றினால் பல ரூட்டர்களில் வரிசையாக நான்கு துளைகளோ ஊசிகளோ தென்படும். தொழிற்சாலையில் பழுது பார்ப்பதற்காக விடப்பட்ட தொடர்வரிசை வாயில் அது. நான்கில் ஒன்று தரை, ஒன்று மின்னழுத்தம், ஒன்று சாதனம் பேசும் ஊசி, ஒன்று அது கேட்கும் ஊசி. எது எது என்று கண்டறிவதே நல்ல பௌதிகப் பாடமாகும். மின்சாரத்தை நிறுத்திய நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பலகையின் உலோகக் கவசத்தில் வைத்து, மறுமுனையை ஒவ்வோர் ஊசியிலும் தொட, தடையின்றி மணியொலிப்பது தரை. பின்னர் மின்சாரத்தை இணைத்து அளந்தால், மாறாமல் ஏறத்தாழ 3.3 வோல்ட் காட்டுவது மின்னழுத்த ஊசி. ரூட்டர் விழித்தெழும் சில வினாடிகளில் மட்டும் அளவு ஏறி இறங்கித் துடிப்பது பேசும் ஊசி. எஞ்சியது கேட்கும் ஊசி.

இங்கே எச்சரிக்கை தேவை. இணைப்புப் பலகையை 3.3 வோல்ட் நிலையில் வைக்காமல் 5 வோல்டில் இணைத்தால் ரூட்டரின் செயலி கருகக்கூடும். மின்னழுத்த ஊசியை இணைக்கவே வேண்டியதில்லை. தரை, பேசுவது, கேட்பது ஆகிய மூன்றும் போதும். ஒன்றின் பேசும் ஊசி மற்றொன்றின் கேட்கும் ஊசியோடு சேர வேண்டும் என்பதைத் தொடக்கநிலையினர் மறந்துவிடுவர். வீட்டு மின்சாரம் நேராக நுழையும் பலகைகளைக் கொண்ட சாதனங்களை, குறிப்பாக மின்விளக்கையும் மின்மீட்டரையும், மாணவர் கையில் திறந்து கொடுக்கலாகாது. வெளியிலிருந்து 12 வோல்ட் பெறும் ரூட்டரே பள்ளிக்கு ஏற்றது.

வேகத்தை வினாடிக்கு 115200 என்று வைத்துக் கணிப்பொறியில் பார்த்தால், பல ரூட்டர்கள் விழித்தெழும்போது தம் வரலாறு முழுவதையும் வரி வரியாகச் சொல்லும். திரையில் குப்பை எழுத்துக்கள் தோன்றினால் வேகம் தவறென்று பொருள். 57600, 38400, 9600 என்று மாற்றிப் பார்க்க வேண்டும். சில ரூட்டர்கள் இறுதியில் கடவுச்சொல்லே கேட்காமல் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடும்.

சாதனத்தைக் கையில் வைத்திருப்பவன் அதைத் திறந்தால் அதில் அபாயம் என்ன என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் பூட்டுகளுக்கு ஒரே சாவி என்றால், ஒரு பூட்டைப் பிரித்துப் பார்த்தவன் ஆயிரம் வீட்டுச் சாவியையும் பெற்றவன் ஆகிறான். தயாரிப்பாளர் எல்லாச் சாதனங்களிலும் ஒரே இரகசியக் கடவுச்சொல்லைப் பதித்திருந்தால், ஒன்றைத் திறந்து அதைப் படித்தவர் எஞ்சியவற்றைத் தொலைவிலிருந்தே திறக்க இயலும். ஆகவே சோதனையாளர் தேடுவது தம் கையிலுள்ள ரூட்டரின் குறையை மட்டுமன்று. அதன் உடன்பிறப்புகள் யாவற்றுக்கும் பொதுவான குறையையே ஆகும். ‘ஓவாஸ்ப்’ என்னும் சர்வதேச அமைப்பு 2018-இல் வெளியிட்ட, இணையச் சாதனங்களின் பத்துக் குறைகள் அடங்கிய பட்டியலில், எளிதில் ஊகிக்கத்தக்க அல்லது மாற்ற முடியாதபடி பதித்த கடவுச்சொல்லே முதலிடம் பெற்றது. ஐரோப்பாவின் தரநிர்ணய அமைப்பு 2020-இல் வெளியிட்ட நெறிமுறையிலும், எல்லாச் சாதனத்திற்கும் பொதுவான கடவுச்சொல் கூடாது என்பதே முதல் விதி.

செய்தது, கண்டது, நேரம் ஆகிய அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். மற்றொருவர் அதைப் படித்து அதே முடிவை அடைய முடியாவிட்டால் அது சோதனையாகாது.

தமிழ்நாட்டு இளைஞர் போட்ட கணக்கு

முறையான சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. லட்சுமண் முத்தையா என்னும் காப்பு ஆய்வாளர் 2019 ஜூலையில் இன்ஸ்டாகிராமின் குறை ஒன்றை வெளியிட்டார். கடவுச்சொல்லை மறந்தவரின் கைப்பேசிக்கு அந்நிறுவனம் ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பும்; அது பத்து நிமிடம் செல்லும். ஆறு இலக்கமெனில் மொத்தம் 10 லட்சம் எண்கள். ஒருவர் பல முறை முயன்றால் தடுப்பு உண்டு. ஆனால் அத்தடுப்பு முகவரி தோறும் ஒரு முகவரிக்கு 200 முயற்சிகள் வரை இடம் கொடுத்ததையும், கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் அது முழுமையாகச் செயற்படாததையும் அவர் கண்டார். 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். அப்படியானால் 5,000 முகவரிகள் இருந்தால் பத்து லட்சமும் தீர்ந்துவிடும்; வாடகைக் கணிப்பொறிகளுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 150 டாலர் என்று கணக்கிட்டார்.

ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று அவர் நின்றது கவனிக்கத்தக்கது. குறை உண்டென்பது அவ்வளவில் நிரூபணமாகிவிட்டது. உரிமையாளரான ஃபேஸ்புக், குறை கண்டு சொல்வோரை வரவேற்றுப் பரிசளிக்கும் திட்டத்தை வெளிப்படையாக நடத்திவந்ததால் அனுமதியும் இருந்தது. அந்நிறுவனம் குறையைத் திருத்தி அவருக்கு 30,000 டாலர் அளித்தது. கைப்பேசிச் செயலியால் இயங்கும் காமிராக்களும் கதவுப் பூட்டுகளும் இதே போன்ற எண்ணை அனுப்புவதால், இக்கணக்கு அவற்றிற்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பு மாணவருக்கு நிகழ்தகவு கற்பிக்க இதைவிட உயிருள்ள கணக்கு கிடைப்பது அரிது.

பரிசுத் திட்டம் இல்லாத தயாரிப்பாளரின் சாதனத்தில் குறை கண்டால் யாரிடம் சொல்வது? இந்தியாவில் அதற்குரிய இடம் 2004-இல் தொடங்கிய ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசு அமைப்பாகும். குறையைப் பெற்றுக்கொண்டு, தயாரிப்பாளரோடு பேசி, திருத்தம் வந்தபின் அறிவிப்பு வெளியிடும் முறை அங்கே உள்ளது. 2021 முதல் குறைகளுக்கு உலகப் பொது எண் வழங்கும் உரிமையும் அதற்கு உண்டு. திருத்தம் வரும் முன் கண்டுபிடிப்பை ஊரறியப் பேசுவது மிராய்க்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கண்காணிப்புக் காமிராவைப் பொறுத்தவரை சட்டமும் முன்னேறியுள்ளது. 2024 ஏப்ரலில் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் காமிராக்கள் காப்புச் சோதனையில் தேற வேண்டும். மேலே கூறிய தொடர்வரிசை வாயில், கடவுச்சொல், செய்தி மறைப்பு, மென்பொருள் புதுப்பிப்பு முதலியவை அச்சோதனையில் ஆராயப்படுகின்றன. எனினும் அதற்கு முன் வாங்கிப் பொருத்திய காமிராக்கள் இன்னும் கூரையோரங்களிலேயே இருக்கின்றன. அவற்றின் கடவுச்சொல்லை மாற்றுவதும், டெல்நெட் போன்ற தேவையற்ற சேவைகளை நிறுத்துவதும், தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய மென்பொருளைச் செலுத்துவதும் களப்பணியாளரின் கையிலேயே உள்ளன.

பழைய சாதனங்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மும்பையின் கழிவுப் பொருட்களில் ஒரு பகுதி தாராவிக்கு வந்து, பிரிக்கப்பட்டு, மீண்டும் பொருளாகிறது. எலக்ட்ரானிக் பலகைகளும் அவற்றுள் அடங்கும். வீசியெறிந்த ரூட்டரின் நினைவுச் சில்லில் பழைய வீட்டின் வைஃபை கடவுச்சொல் அப்படியே தங்கியிருக்கக் கூடும். பிரபலமான ஒரு மின்விளக்கில் அக்கடவுச்சொல் மறைப்பின்றிப் பதிந்திருந்ததை 2019-இல் ஓர் ஆய்வாளர் காட்டினார். ஆகவே கழிவாகக் கொடுக்கும் முன் சாதனத்திற்கு மின்சாரம் கொடுத்து, பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை நுழைத்து, கையேட்டில் குறித்த நேரம் வரை அழுத்திப் பிடித்து, விளக்குகள் அணைந்து மீண்டும் எரிவதைக் கண்டபின் தர வேண்டும். மின்சாரமே ஏறாத சாதனமாயின், வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுவது எளிய வழி.